ஜூன் மாதத்துக்கு ஒரு கைமாற்று

மார்ச்சிலேயே ஓடிவிடுகிறது தண்ணீர்.
விதை இன்னும் சாக்குக்குள் தூங்குகையில்
அலாய் மலை மடியை அவிழ்த்துக் கொட்டிவிடுகிறது.
ஜூனில் எங்கள் ஆடுகள்
ஓடைக்கல்லை நக்குகின்றன.

நான் இந்த ஓடைக்கு மடைக்காரன்.
யார் வயலுக்கு எத்தனை மணி நேரம் என்று
எழுதி வைப்பது வேலை.
பதினெட்டு வருட நோட்டுகள் அடுப்புக்கு மேலே.
புரட்டினால் தெரிகிறது:
வருடத்து மொத்தத் தண்ணீர் அப்படியொன்றும் குறையவில்லை.
வரும் தேதிதான் முன்னே முன்னே நகர்ந்து
நிச்சயதார்த்தத்துக்கும் முன்பே வந்து
சாப்பிட்டுப் போய்விட்ட
கல்யாண விருந்தாளி ஆகிவிட்டது.

மேலே, பனியாற்றின் மூக்குநுனியில்
சைக்கால் ஒரு பாறைக்குச் சிவப்புக் கோடு போட்டாள்.
மறு வருடம் கோட்டிலிருந்து பனிவரை
முப்பத்தொரு எட்டு வைத்தாள்.
அதற்கடுத்த வருடம் எண்ணாமல்
பாறைமேல் உட்கார்ந்து ரொட்டி தின்றோம்.
"எங்கேயோ புகைகிற புகை" என்றேன்.
"அந்த எங்கேயோவில் இருப்பவனுக்கு
உன் வீட்டுப் புகைபோக்கியும் எங்கேயோதான்."
அவள் ரொட்டியிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

குழாய் யோசனையும் அவளுடையதே.
ஊற்றிலிருந்து இரண்டு கிலோமீட்டர்.
மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை,
சரிவே தள்ளிக்கொண்டு வரும்.
முடிவில் நெட்டுக்குத்தாக நிற்கும் ஒரு குழாய்,
அதன் தலையில் பழைய பூவாளி மூக்கு.
இரவில் தண்ணீர் மேலே சிதறி
கீழே விழுந்ததும் உறையவேண்டும்.
முதலில் வைக்கோற்போர் உயரம்,
பிறகு பள்ளிக்கூடக் கூரை,
பிறகு அண்ணாந்தால் தொப்பி விழும் உயரம்.
குளிர் போதாவிட்டால் எல்லாம் வழிந்தோடிவிடும்.
மிஞ்சினால்
குழாயே கட்டையாகிவிடும்.

ஜனவரி ஒன்பது. இரவு மூன்று மணி.
சத்தம் நின்றதால் விழித்தேன்.
கெட்டிலில் வெந்நீரோடு ஏறினால்
வளைவில் இன்னொரு விளக்கு.
தொக்தொசுன். கீழூர்க்காரன்.
ஆறு வருடம் முன்னால், மடைப்பலகைச் சண்டையில்
மண்வெட்டிக் காம்பால் என் புருவத்தைப் பிளந்தவன்.
அவன் கையிலும் ஒரு கெட்டில்.

புருவத்தைப் பற்றி அவன் பேசவில்லை. நானும்.
"எந்த மூட்டு?"
"வடக்கு வளைவு."
ஊற்றினோம். தட்டினோம். காது வைத்துக் கேட்டோம்.
அவன் கம்பளித் தொப்பியைக் கழற்றி
மூட்டில் இறுகக் கட்டினான்.
குழாய் இருமியது,
துருவும் பனித்துண்டுமாகத் துப்பியது,
அப்புறம் எங்கள் இருவர் தலையிலும்
ஒரே மழை.
மீசை விறைத்த வாயோடு
"என் ஆடும் இதைத்தானே குடிக்கிறது" என்றான்,
யாரோ காரணம் கேட்டதுபோல.

ஜூன் இருபத்தாறுவரை நின்றது அந்தக் கூம்பு.
இரண்டு ஊர் ஆடுகளும் குடித்தன,
கோடைத் துளிரைத் தின்றபடி.
இதைப் பனியாறு என்று சொல்ல எனக்கு வாய் வராது.
குளிர்காலத்திடம் வாங்கி
ஜூனிடம் கொடுத்த கைமாற்று.
குளிர்காலமே நொடித்துப் போனால்
யார் வாசலில் போய் நிற்பது?

அதனால் இந்த வருடம்
விலைபோகாத ஆட்டுரோமத்தைச் சுண்ணாம்பில் புரட்டி
கூரைக்கும் பலகைக்கும் நடுவே அடைத்தோம்.
பதினான்கு மூட்டை நிலக்கரி எரித்த வீட்டுக்கு
ஒன்பது போதுமாயிருந்தது.
ஐந்து மூட்டையில் மலை திரும்பி வந்துவிடுமா என்று
கடைக்காரன் சிரித்தான்.
வராது. நானும் சிரித்தேன்.
சைக்கால் மட்டும் என் நோட்டைப் பிடுங்கி
தண்ணீர்க் கணக்குக்குப் பக்கத்தில்
அளவுகோல் இல்லாமலே ஒரு கோடு கிழித்து
மேலே எழுதினாள்: கரி.

பதினோரு வீட்டுக்கு எண் விழுந்திருக்கிறது.
தொக்தொசுன் பேருக்கு நேரே இன்னும் காலி.
ஞாயிற்றுக்கிழமை ரோமத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு
கீழூருக்குப் போகிறோம்.
தொப்பியையும் திருப்பிக் கொடுக்கவேண்டும்.